தாமோதரன் நீக்க மறுத்த வரி

தாமோதரனிடம் பொய்க்குக் கையெழுத்துக் கேட்டார்கள். அவன் போடவில்லை. அதற்காக அவனிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்கள். யாரோ சொல்லி எழுதவில்லை; பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன்.

விமானங்களுக்கு வழி சொல்லும் கன்ட்ரோலர்கள் நாங்கள். செய்தி வந்தது முற்பகலில், இடைவேளையில் போனை எடுத்தபோது. விடுப்பில் ஊருக்குப் போயிருந்த தாமோதரன் திருத்தணி பேருந்து நிலையத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். எழுந்திருக்கவில்லை. முப்பத்து நான்கு வயது. திரும்பிப் போய் திரை முன்னால் உட்கார்ந்தேன். புள்ளிகள் தண்ணீருக்கடியில் நகர்வதுபோல ஊர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் அவனே தாழ்ந்த குரலில் வழி சொல்வதாகத் தோன்றிக்கொண்டிருந்தது. அந்தக் குரல் காட்டிய வழியில் தரையிறங்கிய பயணிகள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

ஊரை விட்டு வெகுதூரத்தில் இருந்த அந்த விமான நிலையத்தில் நாங்கள் இருவர்தான் தமிழ். நான் திருத்தணியை அடுத்த பொதட்டூர்பேட்டை. உறவில்லாமலே முதல் நாள் என்னை “பாவா” என்றான்; எங்கள் பக்கத்தில் மச்சானை அப்படித்தான் கூப்பிடுவோம். “எனக்குத் தங்கச்சி கெடையாது, பயப்படாத.”

ஒருமுறை இருவரும் ஒன்றாக ஊருக்கு வந்து திருத்தணி மலைக்கோயிலுக்குப் படியேறினோம். இறங்கும்போது மஞ்சள் வெயில். கீழே ஊர் மிதப்பதுபோல இருந்தது. தடதடவென ஓடி இறங்கிய நான், கடைசிப் படிகளில் கால் நிற்காமல் ஒரு பூக்கூடையில் போய் விழுந்தேன்.

“கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது?” என்றாள் பூக்காரம்மா.

தாமோதரன் நிதானமாக வந்து சேர்ந்தான். “கோச்சிக்காதம்மா. இவருதான் ஏரோப்ளேனுக்கு வழி சொல்றவரு.” பிறகு என்னிடம்: “வேகத்த மேலயே கொறச்சிக்கினு வரணும் பாவா. கடைசி படில முடியாது.” தலைக்கு மேல் ஒரு விமானம் சத்தமில்லாமல் கடலை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது. அது மறையும்வரை இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.

விமானி இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலேறினால், நாங்கள் உடனே காரணம் கேட்போம். அவன் கேட்க மாட்டான். “ஏன்னு அப்புறம் கேக்கலாம். மொதல்ல ஏறட்டும். அவரு கை நெறைய வேலை இருக்குது.” அந்தச் சில நொடிகள் மைக்கைத் திறக்காமல் காத்திருப்பான்.

சிக்கல் வந்த அன்று வானத்தில் நெரிசல். “இடைவெளி விடாதே, வேகமாகக் கொண்டுவா” என்றார் பின்னால் நின்ற மேற்பார்வையாளர். தாமோதரன் ஒரு விமானத்தை ஓடுபாதைக்கு மிக அருகில் திருப்பினான்; வேகத்தைக் குறைக்காமல் வரச் சொன்னான். அது அதிக உயரத்தில், அதிக வேகத்தில் வந்தது. தரை நெருங்கும் முன் பெண் விமானியின் குரல் கேட்டது: “கோ அரவுண்ட்.” இறங்காமல் மேலேறினார்; சுற்றிவந்து பத்திரமாக இறங்கினார். செய்யவேண்டியதைச் செய்தார்.

அந்த விமானம் ஏன் அப்படி வந்தது என்ற விசாரணையில் தாமோதரன் இரண்டு வரி எழுதினான். “வேகத்தைக் குறைக்க விடாதவன் நான். அப்படிக் கொண்டுவரச் சொன்னவர் மேற்பார்வையாளர்.” இரண்டாவது வரியை நீக்கிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

“என் தப்ப ஒத்துக்கினேன் பாவா. அவங்க தப்ப நான் எதுக்கு முழுங்கணும்?”

என்னையும் கூப்பிட்டார்கள். மேற்பார்வையாளர் சொன்னது காதில் விழுந்ததா என்றார்கள். விழவில்லை என்றேன். எனக்கு வேலை பெரிதாக இருந்தது.

அவனைப் பழைய கோப்புகள் அறைக்கு மாற்றினார்கள். மேற்பார்வையாளருக்குப் பதவி உயர்வு வந்தது. கூலிவேலை செய்பவளின் மகன்மேல் எதையும் ஏற்றலாம், கேட்க ஆளில்லை. அவன் என்னோடு சண்டை போடவில்லை. “சாப்ட்டியா பாவா?” என்று கேட்பதையும் நிறுத்தவில்லை.

சாவு வீட்டில், நாற்று நட்டுக் காய்த்த கையால் அவன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். “எம்புள்ள தப்பு பண்ணிட்டான்னு தூக்கிட்டாங்களாமே, மெய்யா நைனா?”

“அவன் மேல மட்டும் தப்பு இல்லம்மா.”

“அப்ப அவங்கள அத்த எழுதிக் குடுக்கச் சொல்லு. ஊரு பேசிக்கினே கீது.”

அவனுடையதென்று என்னிடம் இருப்பது அந்தச் சில நொடி மௌனம். நேற்றும் ஒரு விமானம் இறங்காமல் மேலேறியது. மைக்கின் பொத்தானில் விரலை வைத்தபடி காத்திருந்தேன். ஜன்னலில்லாத அந்த அறையில், அது மேகத்துக்குள் நுழைவது எனக்குத் தெரிந்தது. பிறகு விமானி தானாகவே பேசினார்.

நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். பதில் வரவில்லை. அதையே இங்கும் எழுதுகிறேன்: அந்த உத்தரவு என் காதில் விழுந்தது. தாமோதரனின் இரண்டாவது வரியை அறிக்கையில் சேருங்கள். அதன் நகலைத் திருத்தணியில் அவன் அம்மா கையில் கொடுங்கள். என்றைக்குக் கொடுப்பீர்கள்?