உப்பில்லாச் சோறும் சுருங்கிய சிறுநீரகமும்

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் போர்ட் பிளேயரில், டாலிகஞ்ச் என்ற பகுதியில் குடியிருந்தோம். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். என் கணவர் கொத்தனார். வெயிலில் நாள் முழுக்க நின்றாலும் தண்ணீர் குடிக்க ஏணியை விட்டு இறங்க மாட்டார்.

ஒரு வருடம் இடுப்பில் கல்லடைப்பு வலி வந்து துடித்தார். வாழைத்தண்டுச் சாறும் பார்லிக் கஞ்சியும் கொடுத்தேன். சில வாரத்தில் வலி நின்றது. கல் கரைந்துவிட்டது என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

மூன்று நான்கு வருடம் கழித்து அவருக்கு ஓயாத தலைவலி. ஒருநாள் சாரத்தில் நிற்கும்போதே கண் மங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் பதறிவிட்டார். “நமக் பில்குல் பந்த். உப்பே கூடாது. அடுத்த கப்பலில் மெட்ராஸ் போங்க” என்றார். பிள்ளைகளைப் பக்கத்துக் கடைக்கார பாயின் மனைவியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

கப்பலில் அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏட்டி, எனக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா பிள்ளையளக் கூட்டிட்டு ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு. தீவுல தனியாக் கெடந்து சங்கடப்படாத” என்றார். “சும்மா இருங்க” என்று அதட்டினேன்.

கப்பல் சமையற்காரர் ஒரு தெலுங்குக்காரர். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். தனிச் சட்டியில் உப்பில்லாமல் சோறும் பருப்பும் செய்து கொண்டுவந்தார். என் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். அந்தச் சமையற்காரர் போய், அதே சட்டியிலிருந்து தனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். “சலோ பாயி, மேரா பீ நமக் பந்த்”, தனக்கும் உப்பு கிடையாது என்று சொல்லிச் சாப்பிடத் தொடங்கினார். இவர் வெட்கப்பட்டுத் தட்டை இழுத்துக்கொண்டார். மெட்ராஸ் வரும்வரை வேளாவேளைக்கு அவரும் கூட உட்கார்ந்து உப்பில்லாமல்தான் சாப்பிட்டார்.

மெட்ராஸில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒரு சிறுநீரகம் மற்றதில் பாதி அளவுகூட இல்லை.

“கல்லு கரையலம்மா. குழாயை அடைச்சுக்கிட்டு அங்கேயே இருந்திருக்கு. சிறுநீர் வெளியே போக வழியில்லாம தேங்கி, சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாச் செத்துச் சுருங்கிடுச்சு. அதனாலதான் வலியும் நின்னுபோச்சு.”

“அப்போ ப்ரஷர்?”

“சிலருக்கு ப்ரஷராலயே சிறுநீரகம் சுருங்கும். இவருக்குச் சுருங்கினதாலதான் ப்ரஷரே வந்திருக்கு.”

சுருங்கியதை எடுத்துவிட வேண்டும் என்றதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். டாக்டரம்மா என் தோளைத் தொட்டார். “இன்னொண்ணைப் பாருங்க, எப்படிப் பெருத்திருக்கு. இத்தனை நாளும் ரெண்டு வேலையையும் அதுதான் பாத்திருக்கு. இனிமேலும் பாக்கும்.”

அப்படியே ஆயிற்று. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அழுத்தம் மெல்ல இறங்கியது. திரும்பும் கப்பலில் அந்தச் சமையற்காரரைத் தேடினோம். வேறு ஆள் இருந்தார். என் கணவர் தீவில் இன்னும் எத்தனையோ வீடுகளுக்குச் சுவர் எழுப்பினார், இடையிடையே இறங்கிவந்து தண்ணீர் குடித்துக்கொண்டே.

இன்றும் யாராவது “வலி தானா நின்னுபோச்சு” என்று சந்தோஷமாகச் சொன்னால் என்னால் சந்தோஷப்பட முடிவதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, “எதுக்கும் ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டிருங்க” என்று கெஞ்சத்தான் தோன்றுகிறது.