பெயரில்லாத ஏழு பைகள்

ஆலை வாசலில் இருபத்திரண்டு வருடமாக நிற்கும் காவலாளியைப் பயில்வான் என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். வயது ஐம்பத்தொன்று. வேலை முடிந்து மற்றவர்கள் கட்டிலைத் தேடும்போது இவர் இரும்பைத் தேடிப் போவார். அதன் பலனாக, வெளிநாட்டில் நடக்கும் மூத்தோர் எடைதூக்கும் போட்டிக்கு அழைப்பு வந்தது. இதற்குமேல் முழங்கால் தாங்காது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். ஆக, இதுவே முதலும் கடைசியும்.

பெட்டி அடுக்கியது மகள். விமானத்தில் விடும் எடையைவிட முக்கால் கிலோ அதிகம். அவள் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தாள். புரோட்டீன், கிரியேட்டின் என்ற சத்துப் பொடி டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, பொடியை மட்டும் ஏழு பிளாஸ்டிக் பைகளில் கொட்டி நூலால் இறுக்கிக் கட்டினாள். இவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

இறங்கிய இடத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார். பெயரில்லாத பைகள், வெள்ளைப் பொடி, ஆள் வேறு அலமாரி மாதிரி. யாருக்குத்தான் சந்தேகம் வராது? பொடி சோதனைக்குப் போனது, பயில்வான் ஒரு சின்ன அறைக்குள் போனார். இரண்டு மணிக்குள் உடல் எடை பார்க்கப் போகாவிட்டால் போட்டியில் இடமில்லை என்று, தெரிந்த நாலு வார்த்தையில் கெஞ்சினார். அழைப்புக் கடிதத்தைக் காட்டினார். ஒரு கரண்டி தின்றே காட்டுகிறேன் என்றுகூடச் சொன்னார். சோதனைப் பொருளைத் தொடக் கூடாது என்றார்கள்.

ஆலை வாசலில் எத்தனை பேருடைய பையை இவர் பிரித்துப் பார்த்திருப்பார்! அவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று இன்றுதான் தோன்றியது. கோபப்படக்கூடத் தெம்பில்லை.

மூன்றேகாலுக்கு, வெறும் சத்துப் பொடிதான் என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏழு பைகளும் கத்தியால் கிழிபட்டு, ஒரே கவருக்குள் கலந்து கிடந்தன. வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். அழுகை வந்தது. அழவும் அலுப்பாக இருந்தது.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, எடை பாத்தாச்சா? வழியில பை எதுவும் பிரிஞ்சிடலையே?"

கவரை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. முழங்கால் ரொம்ப வலிச்சுது, நானே வேணாம்னு விட்டுட்டேன். நீ கட்டின கட்டு ஒண்ணுகூட அவிழல."