தங்கமணி அக்கா எஞ்சினை மாற்றியது வேகத்துக்கு அல்ல

போன வியாழக்கிழமை காலை பட்டறையில் ஒரு வண்டியின், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரிந்த டிரைவர் ஒருவர். "ஆட்டுக்காரத் தங்கமணி அக்கா போயிட்டாங்கண்ணா. கொண்டப்பநாயக்கன்பட்டியில, மலை ஏறுற எடத்துல, லாரி பின்னால இடிச்சிருச்சு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்கதான எஞ்சின மாத்திக் குடுத்தீங்க? பறந்திருப்பாங்க" என்றும் சேர்த்துக்கொண்டார். உடல் இன்னும் வீடு வந்து சேரவில்லை. அதற்குள் பழி போட்டாகிவிட்டது.

அன்றிலிருந்து கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. அக்காவை அறியாதவர்களுக்காக எழுதியும் வைக்கிறேன்.

மேச்சேரிச் சந்தையில் ஆடு பிடித்து, தன் பழைய பிக்கப்பில் தானே ஓட்டிக்கொண்டு போய் ஏற்காட்டுக் கறிக்கடைகளில் இறக்குவது அவர் தொழில். ஓமலூரில் இருக்கும் என் பட்டறைக்கு முதல்முறை வந்தபோது, "ஏனுங்க தம்பி, இந்த எஞ்சினுக்கு இன்னுங் கொஞ்சம் வலுக் கூட்ட முடியுங்களா?" என்று கேட்டார். இப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான். அதனால், "எத்தனை வேகம் போகோணுங்க்கா?" என்றேன்.

"மெதுவாப் போகோணுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. வண்டியில் வலு இல்லாதவர்கள் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே ஆக்சிலரேட்டரை மிதித்து, ஓட்டம் எடுத்துத்தான் ஏற்றுவார்கள். அந்த ஓட்டத்தில் பின்னால் நிற்கும் ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரியும், கால் முறியும். "ஓட்டம் எடுக்காம ஊர்ந்தே ஏறோணும். நடுவுல நின்னாலும் மறுபடி இழுக்கோணும். அதுக்கு என்ன மாத்தோணுமோ மாத்துங்க" என்றார்.

முதலில் பிரேக்கையும் கிளட்சையும் புதிதாகப் போடச் சொன்னார். எஞ்சின் வேலை அதற்குப் பிறகுதான். உதிரிபாகக் கடைக்காரர் பெரிய இன்ஜெக்டர் நல்லா இழுக்கும் என்று தலையில் கட்டினார். மாட்டி அனுப்பினேன். மறுநாளே அக்கா திரும்பி வந்துவிட்டார். "கரும்பொகையாக் கக்குதுங்க. ஆடெல்லாம் இருமுது. கழட்டிருங்க." அளவானதை மாட்டி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவையும், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே இழுக்கிற சின்னதாக மாற்றினேன். மேல் வேகம் முன்பைவிடக் குறைந்துதான் போனது. அவருக்கு அதில் பரம திருப்தி.

சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பி, முன் சீட்டில் ஏறப்போனேன். "அங்க உக்காந்தா எஞ்சின் சத்தந்தான் சாமி கேக்கும். பின்னால ஏறி நில்லுங்க" என்றார். ஆடுகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற்காடு வரை போனேன். ஒன்று என் சட்டை நுனியைத் தின்றே விட்டது. ஆனால் ஆடும் விழவில்லை, நானும் விழவில்லை. இறங்கியதும் அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆடுகளின் கால்களைத்தான் தடவிப் பார்த்தார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. மலை தொடங்கும் இடத்தில் ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுச் சற்று நேரம் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். "ஆடு காலூனி நிக்கட்டும்" என்பார். அன்றைக்கும் அங்கேதான் நின்றிருக்கிறார். பின்னால் வந்த லாரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாலையோரத் தடுப்புச் சுவரில் நசுக்கிவிட்டது.

துக்கம் கேட்க லாரிக்காரர் தரப்பும் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு, "பறந்து வந்து திடுக்குனு பிரேக் அடிச்சுட்டாங்களாமுங்க. எஞ்சின் வேற மாத்துனதாமே. ரெண்டு பக்கமும் பேசி முடிச்சுக்கலாம்" என்றார்கள். உறவுக்காரர்களும் தலையாட்டினார்கள். "ஆரு ஊட்டு எழவுல உக்காந்துக்கிட்டு ஆரக் குத்தஞ் சொல்றீங்க?" என்று கேட்டே விட்டேன். அக்காவின் கொழுந்தனார் என் கையைப் பிடித்து இழுத்தார். "உடுங்க. போன உசுரு வரவா போகுது?"

உயிர் வராது. அதற்காக, வேகத்தால் செத்தாள் என்ற பேரையும் அவர் சுமக்க வேண்டுமா? இடித்தவன் கை கழுவிக்கொண்டு போக, இறந்தவர் குற்றவாளி ஆவதா? என்ன நியாயம் இது?

மறுநாள் அக்காவின் மகள் கவிதாவும் நானும் காவல் நிலையத்துக்குப் போனோம். பிக்கப் வெயிலில் கிடந்தது. பின்பக்கம் அப்பளமாகி, முன்பக்கமும் நசுங்கியிருந்தது. உடைந்த கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்த கவிதா, "மாமா, இங்க பாருங்க" என்றாள்.

ஹேண்ட் பிரேக் கடைசிப் பல் வரை தூக்கியபடி நின்றது.

கவிதா இரண்டு கையையும் உள்ளே விட்டு அதை அழுத்திப் பார்த்தாள். இறங்கவில்லை. அவள் அழவில்லை. உள்ளே போய் ஏட்டையாவைக் கூட்டி வந்து, "பறந்துக்கிட்டு இருக்கறவங்க இதத் தூக்குவாங்களா சார்? எழுதிக்குங்க. பேசி முடிக்கறதுக்கு எங்க ஊட்டுல ஆருமில்ல" என்றாள். அவர் பார்த்தார். குனிந்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு எழுதினார்.

நிம்மதியாகப் போங்கள், அக்கா. வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.