மூன்றாவது சிலிண்டர் பக்கத்து ஓட்டை

புதுக் கேஸ்கட் ஒன்றை உறையிலிருந்து உருவும்போது ஒரு வாடை வருமே, அது மூக்கில் ஏறினாலே நான் இன்றைக்கும் என் நகக் கண்ணைத் திருப்பிப் பார்த்துக்கொள்வேன். கேஸ்கட் என்பது என்ஜினின் அடிப்பாகத்துக்கும் மேலே உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கிற தகடு. எண்ணெய் தன் வழியில் போகவும் தண்ணீர் தன் வழியில் போகவும் இரண்டையும் பிரித்து வைப்பது அதுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஓசூரில் ஓர் உதிரிபாகக் கடைக் கவுண்டரில் நின்றேன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஃபாக்டரி வேலை என்று கிளம்பி வந்தவன். எந்த ஃபாக்டரி வாசலிலும் என்னை உள்ளே விடவில்லை, கடைதான் வாய்த்தது.

அப்போது திரும்பிய பக்கமெல்லாம் அந்த ஜப்பான் மூன்று சிலிண்டர் என்ஜின்தான். குட்டிக் காரிலும் அதுவே, குட்டி வேனிலும் அதுவே. அதில் இரண்டு தலைமுறை உண்டு. நாங்கள் பழைய மாடல், புது மாடல் என்போம். வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே பெல்ட்டின் பல் எண்ணிக்கை வேறு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி வேறு, தண்ணீர் ஓடும் வழியும் வேறு. வண்டிக்காரர்கள் ஹெட்லைட்டைப் பார்த்துவிட்டு "புது மாடல்ணா" என்று அடித்துச் சொல்வார்கள். முகத்தைப் பார்த்து வயிற்றுக்குள் இருப்பதைச் சொல்கிற கூத்து அது. பெங்களூரு புரோக்கர்கள் பழைய என்ஜினைத் தூக்கிப் புது வண்டியில் வைத்து எல்லை தாண்டி இங்கே தள்ளிவிட்டுக்கொண்டிருந்த காலம். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வாயால் கேட்டால் சாமான் எடுத்துத் தர மாட்டோம். கழற்றின பழைய பாகத்தைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். அதைத் திருப்பிப் பார்த்து நான் மாடலைச் சொல்வேன். என் கண் தப்பாது என்று மெக்கானிக்குகளிடம் பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொழுப்பும் ஏறியிருந்தது.

ஒரு தடவை முதலாளி புது மாடல் ஹெட் கேஸ்கட்டை மூட்டையாக வாங்கிப் போட்டுவிட்டார். கேட்டு வந்தவர்களோ பாதிப் பேர் பழைய மாடல். இரண்டுக்கும் ஒரே வித்தியாசம்தான். பழையதில் மூன்றாவது சிலிண்டர் பக்கத்தில் தண்ணீர் போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். புதியதில் அந்த இடம் மூடியிருக்கும்.

"ஏம்பா, ரெண்டும் ஜப்பான்காரன் செஞ்சதுதானே? ஒரு ஓட்டைதானே கம்மி? போட்டுக் குடு" என்றார் முதலாளி.

"தண்ணி ஊறி உப்பிரும் முதலாளி. கம்பெனி ஓட்டைன்னா ஓரம் அழுத்தி வந்திருக்கும். நாம போட்டா பிஞ்சுதான் நிக்கும்."

"நீ என்ன ஜப்பான்ல படிச்சியா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கருமம், அங்கே எனக்குச் சிரிப்பு எங்கிருந்துதான் வந்ததோ! அன்றைக்கு மத்தியானமே குடோனில் உட்கார்ந்து, சாணை பிடித்த இரும்புக் குழாய்த் துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி ஓட்டை போட்டேன். கறுப்புத் தூள் நகக் கண்ணில் ஏறியது, சோப்புப் போட்டும் போகவில்லை. சாப்பாட்டில் கை வைத்தால் சோற்றிலும் அந்த வாடை அடித்தது.

அஞ்செட்டி வேன்காரர் வந்தது அதற்கு மறு வாரம். அஞ்செட்டிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவில் ஆள் ஏற்றிப் போகிறவர். நாற்பது வயதிருக்கும், எடுத்தெறிந்து பேசத் தெரியாத மனிதர். பேப்பரைப் பிரித்துப் பழைய கேஸ்கட்டைக் கவுண்டர்க் கண்ணாடி மேல் வைத்தார்.

"இதே மாதிரி வேணும்ணா. புது மாடல் குடுத்துறப் போறாங்க, பாத்து வாங்கிட்டு வான்னு மச்சான் படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்புனான்."

மச்சான் என்றது அவர் மனைவியின் தம்பியை. பெங்களூரில் வேலை கற்றுக்கொண்டு வந்து ஊரில் சின்னதாக ஷெட் போட்டிருக்கிறானாம். என்ஜினைப் பிரித்துப் பூட்டுவது இதுதான் முதல் தடவை. ஊரே வேடிக்கை பார்க்கிறது, இது நன்றாக அமைந்துவிட்டால் இனி ஆத்திர அவசரத்துக்கு யாரும் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓசூர் வர வேண்டாம் என்று அவ்வளவு பெருமையாகச் சொன்னார்.

கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது, பழைய மாடல். பெங்களூருக்குப் போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் முடிந்தது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. நான் ஓட்டை போட்டதிலேயே கொஞ்சம் சுத்தமாக வந்த ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதில்கூட எனக்கு ஒரு தர்ம நியாயம்! த்தூ.

"பாத்துட்டீங்கல்லண்ணா?"

"பாத்துட்டேன். தைரியமா போடுங்க" என்றேன்.

இருபது நாள் கழித்து மறுபடி வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம். எண்ணெய் அளக்கிற குச்சியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதில் எண்ணெய் இல்லை. வெளுத்துப்போய்க் கெட்டியாக, ஊசிப்போன மோர்க்குழம்பு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. தண்ணீர் எண்ணெயில் இறங்கியிருக்கிறது.

"ஹெட்டு வளைஞ்சு போச்சுண்ணா. மலையேத்தத்துல நடுரோட்டுல நின்னுருச்சு. ஜனமெல்லாம் இறங்கி நடந்தாங்க. எனக்கு வந்த கோவத்துல மச்சானை எல்லார் முன்னாலயும் கைநீட்டிட்டேன். பொருள் நல்ல பொருள், ஓசூர் அண்ணன் பாத்துக் குடுத்தது, உனக்குத்தான் பூட்டத் தெரியலன்னு கத்திட்டேன். அவன் ஷெட்டைப் பூட்டிட்டான். பாகலூர்ப் பக்கம் ஃபாக்டரிக்கு மூட்டை தூக்கப் போறேங்கறான். வீட்டுக்காரி என்கூடப் பேசறதில்ல." குச்சியை என் பக்கம் நீட்டி, "ஏண்ணா, பூட்டுனதுல எங்க தப்பு பண்ணிருப்பான்? நீங்க சொன்னா அவனுக்கு எடுத்துச் சொல்லுவேன்" என்றார்.

இந்த மனிதர் என்னைத் திட்டியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். என்னை நம்பி என்னிடமே யோசனை கேட்டதுதான் தாங்க முடியவில்லை. வாசலுக்கு அழைத்துப் போய், தெருவைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். புது மாடல், என் கையால் போட்ட ஓட்டை, தெரிந்தே கொடுத்தது.

அவர் என் சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடிக்கவில்லை.

"அப்போ அவன் மேல தப்பே இல்லையா?"

"இல்லைங்க."

"அய்யோ!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்தார். "நீங்க ஒரு நடை ஊருக்கு வந்து அவன்கிட்ட சொல்லிடுங்கண்ணா. நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னுவான். ஊரும் நம்பாது. கடைக்காரர் வாயால வந்தாத்தான் எடுபடும். வேற எதுவும் வேணாம்."

"ஞாயிற்றுக்கிழமை வந்துடறேன்" என்றேன்.

சத்தியமாகப் போகத்தான் நினைத்தேன். ஞாயிறு காலையில் குளித்து, சட்டை மாற்றி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். அஞ்செட்டி பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்தும் விட்டேன். ஊர் நடுவில் நின்று "நான் ஏமாற்றினேன்" என்று சொல்வதை நினைத்துப் பார்த்தேன். அது முதலாளி காதுக்கு வராமல் இருக்குமா, வேலை என்ன ஆகும், இங்கே எனக்கு நாதி யார் என்று ஒவ்வொன்றாகத் தோன்றியது. கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் இறங்கிவிட்டேன். இறங்கிப் போய் ஒரு டீ குடித்தேன். அந்த டீ எனக்கு நன்றாக இருந்தது. நினைத்தால் என் மேல் நானே காறித் துப்பலாம் போல இருக்கிறது.

மூன்றாம் நாள் வேன்காரர் கடைக்கு வந்தார். கவுண்டரில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முதலாளி கல்லாவில் இருந்தார். இவர் ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் குறையட்டும் என்று நான் காத்திருக்க, அவரும் காத்திருந்தார்.

"எதிர்பாத்தோம்ணா, ஞாயித்துக்கிழமை. கடைசி பஸ் வரைக்கும் அவனை வீட்டுலயே பிடிச்சு உக்கார வச்சிருந்தேன்" என்றார் மெதுவாக. "நேத்து காலையில பாகலூர் போயிட்டான்."

"என்னப்பா, என்ன வேணும் உனக்கு?" என்று முதலாளி கல்லாவிலிருந்து சத்தம் போட்டார்.

நான் வாயைத் திறப்பேன் என்று வேன்காரர் அப்போதும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பழைய மாடல் கேஸ்கட் கேக்கறாரு முதலாளி" என்றேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வதுபோல, "நம்மகிட்ட இல்லைங்க, பெங்களூருல பாருங்க" என்றேன்.