களத்தில் சொல்லக் கூடாத சொல்

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன், படித்தவர்கள் எழுதும் இடத்துக்குள் நுழைந்துவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். இதை நான் சொல்லாவிட்டால் எனக்காக வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

ஆறேழு வருடங்களுக்கு முன் முரசுமோட்டையில், ஒரு மாசி மாதம் நடந்தது இது. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்தவர்கள் நாங்கள். காட்டை வெட்டி வரம்பு கட்டி, என் கையாலேயே ஆக்கிய வயல் அது.

அதற்கு முந்திய வருடம், மடை திறக்கக் குனிந்தபோதுதான் முதல் தடவை வந்தது. வானமும் வாய்க்காலும் சுழன்று இடம் மாறின. கண்ணை மூடினாலும் சுற்றல் நிற்கவில்லை. சேற்றில் கிடந்து வாந்தி எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் எதுவும் நடக்காததுபோலப் போய்விட்டது. பிறகு அது நினைத்த நேரமெல்லாம் வந்தது. கோயில் வீதியில் வந்தது, சைக்கிளில் போகும்போது வந்தது. கள்ளை நான் நாக்கில் வைத்ததே கிடையாது. ஆனாலும் சந்தியில் நிற்கிறவர்கள், "என்ன அண்ணை, விடியவே ஏத்தியாச்சோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் பித்தம் என்றார். எண்ணெய் வைத்து முழுகினேன். டிஸ்பென்சரியில் இரத்தம் குறைவு என்று சிவப்புத் தண்ணீர் மருந்து தந்தார்கள். குடித்தேன். மாமியார் பார்வை பார்ப்பித்து வேப்பிலை அடிப்பித்தார். அதற்கும் குனிந்து இருந்தேன். தலை தன்பாட்டில் சுற்றியது.

என் மனைவியின் தம்பியான மச்சான் கெட்டவன் அல்ல. அவன்தான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்.

"அத்தான், வயலை ஆருக்கும் குத்தகைக்குக் குடுத்திட்டுப் பேசாமல் வீட்டிலை இருங்கோ. வரம்பிலை உருளுற ஆளோடை ஆர் கூட்டு வேலைக்கு வருவினம்?"

மனைவி என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டாள். வயல் கைமாறினால் நான் அந்த வீட்டில் உட்காரப் போட்ட ஒரு கதிரை மாதிரித்தான். இந்த வருத்தம் என்ன நோய் என்று தெரிந்தால் அவனுக்குப் பதில் சொல்லலாம் என்று நினைத்து, ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். விரலை ஆட்டி அதைப் பார்க்கச் சொன்னார். பிறகு சீமெந்துத் தரையில் ஒரு கோட்டைக் காட்டி நடக்கச் சொன்னார். பிசகாமல் போய்த் திரும்பி வந்தேன்.

"நல்லாய்த்தானே நடக்கிறீர். உமக்கு ஒண்டும் இல்லை. யோசினையை விட்டிட்டுப் போம்."

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. "ஐயா, நெல்லு மூட்டையைத் தலையிலை வைச்சுக்கொண்டு வரம்பிலை நடக்கிறவன் நான். இந்தக் கோடு எனக்குப் பெரிய றோட்டு. இப்ப சுத்தேல்லை, நடக்கிறன். சுத்தேக்கை நீங்கள் பாக்கேல்லை. ஒண்டும் இல்லை எண்டு சொல்லாதேங்கோ. தெரியேல்லை எண்டு சொல்லுங்கோ."

பக்கத்தில் நின்ற நர்ஸ் மிசி திகைத்துவிட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருதரம் நன்றாகப் பார்த்தார்.

"ஓம். எனக்குத் தெரியேல்லை" என்றார்.

மருந்து இல்லாமல்தான் திரும்பி வந்தேன். ஆனால் என் வருத்தம் பொய் அல்ல, அதற்குப் பெயர்தான் இன்னும் கிடைக்கவில்லை என்பது தெளிவாகிவிட்டது.

அடுத்த கிழமை எங்கள் சூடு மிதிப்பு. வெட்டிய நெற்கதிரைக் குவித்து வைப்பதைச் சூடு என்போம். அதைக் களத்தில் பரப்பி, மாடுகளை வரிசையாகப் பிணைத்து நடுக்கம்பைச் சுற்றிச் சுற்றி நடத்தி மிதிப்போம். களம் கோயில் மாதிரி. அங்கே செருப்போடு ஏறமாட்டோம். 'இல்லை', 'முடிந்தது', 'விழுந்தது' என்ற சொற்களை வாயில் எடுக்கமாட்டோம். எடுத்தால் பொலி, அதாவது களத்து நெல், குறையும் என்பது நம்பிக்கை.

மச்சான் வழியை மறித்தான். "அத்தான், சும்மாவே உங்களுக்குத் தலை சுத்தும். மாட்டுக்குப் பின்னாலை வட்டம் சுத்தினால் என்னாகும்? பொலி போயிடும்."

"என்ரை சூடு. நான்தான் மிதிப்பன்" என்று மாட்டுக் கயிற்றை அவன் கையிலிருந்து வாங்கினேன்.

கூட்டு வேலைக்கு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பத்துப் பன்னிரண்டு சுற்று நன்றாகத்தான் போயிற்று. பிறகு அது வந்தது. மாடுகள், வைக்கோல், ஆட்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து சுழன்றன. கயிற்றை விட்டுவிட்டுத் தவழ்ந்து போய் நடுக்கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மாடுகள் நின்றுவிட்டன.

"பாத்தியளே, அத்தான் விழுந்..." என்று மச்சான் தொடங்கினான்.

பக்கத்துக் காணிக்காரர், எங்களில் மூத்தவர், அவன்மேல் சீறினார். "பொத்தடா வாயை! களத்திலை நிண்டு என்ன கதை கதைக்கிறாய்?"

அந்த இடத்தில் என்னை விழுந்தவன் என்று சொல்ல யாராலும் முடியாது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பை விடாமல் கத்தினேன்.

"நான் இருக்கிறன்! மாட்டைச் சாயுங்கோ, நடக்கட்டும்!"

என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"பொலி! பொலி!" என்று மூத்தவர் குரல் கொடுத்தார். மச்சான் கயிற்றை எடுத்தான். மாடுகள் என்னைச் சுற்றி நடந்தன. உலகமும் சுற்றியது, மாடும் சுற்றியது. நான் மட்டும் நடுவில் இருந்தேன். சுற்றல் விட்டதும் எழுந்து, வைக்கோலைத் தட்டிவிட்டு, மச்சானிடம் கையை நீட்டினேன். கயிற்றைத் திருப்பித் தந்தான். குத்தகைக் கதையை அவன் பிறகு எடுக்கவே இல்லை.

இன்றைக்கும் எனக்குத் தலை சுற்றுகிறது. ஏனென்று இன்றைக்கும் எவருக்கும் தெரியாது. ஆனால் எனக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று வேறு ஒருவர் தீர்ப்புச் சொல்ல அந்த நாளிலிருந்து நான் விட்டதில்லை.

களத்தில் அப்படி நடந்த மறுநாள் காலையிலும் தலை சுற்றியது. அது விடும்வரை முற்றத்தில் இருந்துவிட்டு, மாடுகளை அவிழ்த்துக்கொண்டு மிச்சச் சூட்டை மிதிக்கப் போனேன்.