அக்கா வீட்டுச் சுவரோரம் ஓர் ஆரஞ்சுக் குழாய்

சாலையோரம் எங்காவது ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் குழாயைச் சுருள் சுருளாகப் போட்டு வைத்திருந்தால் இன்றைக்கும் நான் சாலையின் மறுபக்கம் போய்விடுவேன். கேபிள் பதிக்கிறார்கள், நல்ல விஷயம்தானே என்பார்கள் கூட வருகிறவர்கள். நல்ல விஷயம்தான். எங்கள் ஊரும் அப்படித்தான் நினைத்தது.

எங்கள் ஊர் ஏரிக்கரைக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. சுங்குவார்சத்திரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரியைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஏரிக்கு அந்தப் பக்கம் கம்பெனிகள். அங்கே வேலை பார்க்கிற பையன்கள், கக்கூஸில் உட்கார்ந்துகொண்டே வீடியோ பார்க்கலாம் என்று பீற்றிக்கொள்வார்கள். இந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு போன் பேச வேண்டுமென்றாலும் கரைமேல் ஏறி நிற்க வேண்டும். டவர் சிக்னல் கரையைத் தாண்டிப் பள்ளத்துக்குள் இறங்காது.

என் அக்கா தினம் சாயங்காலம் அப்படி ஏறி நிற்பாள். அவள் வீட்டுக்காரர், என் மாமா, கத்தாரில் வெல்டர். வீட்டுக்குக் கடக்கால் போட்ட கையோடு விமானம் ஏறியவர், ஒப்பந்தத்தை நீட்டி நீட்டி அங்கேயே தங்கிவிட்டார். கரையை ஒட்டின மனையில் அக்கா ஒருத்தியாக நின்று, மேஸ்திரியோடு தினம் சண்டை போட்டு, அந்த வீட்டைக் கட்டி முடித்தாள். முடித்த வீட்டின் போட்டோ ஒன்றைக்கூட அவருக்கு அனுப்பவில்லை.

"போட்டோவுல இன்னா தெரியும்? ஒவ்வொரு ரூமா நான் நடந்துகினே காட்டணும், அவரு அங்கருந்து பாக்கணும்" என்பாள்.

சுங்குவார்சத்திரம் போனால் வீடியோ நன்றாகத்தான் வரும், ஆனால் வீட்டைத் தலையில் தூக்கிக்கொண்டா போவாய் என்று நான் கிண்டல் செய்வேன். வீட்டுக்குள் செல்லைத் திறந்தால் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அவளுக்கு அழுகையே வந்துவிடும்.

அதனால் ஒரு கோடையில், ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கெல்லாம் பிராட்பேண்ட் வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டு கான்டிராக்டர் ஆட்கள் வந்து இறங்கியபோது, ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் அக்காதான். பெரிய சாலையில் மெயின் கேபிள் போகிறது, அதிலிருந்து கிளை பிரித்து ஊருக்குள் கொண்டுவர வேண்டும். சாலையோரமாகவே சுற்றி வந்தால் அனுமதி கிடைக்க ஒரு வருஷமாவது இழுக்கும் என்றார் அந்த ஆட்களின் சூப்பர்வைசர். ஏரி வறண்டு கிடந்தது. ஏரிக்குள்ளேயே நேராக வந்துவிடுங்கள் என்று ஊர் ஒரே குரலில் சொன்னது.

"கரைய அறுத்துத்தான் வரணும். பரவால்லியா?" என்று கேட்டார் அவர்.

"சுண்டு வெரல் அளவு ஒயரு. அதுக்குப் போயி கரை இன்னா ஆயிடப் போவுது?" என்றார் பஞ்சாயத்துத் தலைவர்.

"நெட்டு பெட்டிய எங்க வூட்டு செவுத்துலயே மாட்டிக்கோங்கண்ணா" என்றாள் அக்கா, எல்லாருக்கும் டீயை நீட்டியபடி. கரையை அறுப்பது ஊரில் ஒருத்தருக்கும் தப்பாகப் படவில்லை.

ஜேசிபி வந்து கரையை அடிவரைக்கும் அறுத்தது. மணிக்கட்டுப் பருமனில் ஆரஞ்சுக் குழாயைப் பதித்தார்கள். முதலில் குழாய், கேபிளைப் பிறகு அதற்குள் விடுவார்களாம். அந்த முனை, ஜாயிண்ட் போடுவதற்காக ஏரி நடுவே தோண்டிய ஒரு குழியில் திறந்தபடி கிடந்தது. இந்த முனை அக்கா வீட்டுச் சுவரோரம் முழ உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளி, ஜேசிபி வாளியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அடுத்த வாரம் கேபிள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கான்டிராக்டருக்கும் அவருக்கு மேலே இருந்தவருக்கும் ஏதோ தகராறு என்று கேள்விப்பட்டோம். அதற்கப்புறம் ஈ காக்கைகூட வரவில்லை.

இரண்டு மழைக்காலம் ஏரி நிரம்பாமலேயே போனது. அக்கா மட்டும் குழாயைத் துடைத்துத் துடைத்து வைப்பாள். "வரும்டா. குழா போட்டவன் ஒயரு வுடாமயா பூடுவான்?" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

இரண்டாயிரத்துப் பதினைந்து ஐப்பசியில் மழை பிடித்தது. ஒருநாள் கம்பெனியில் ஷிப்டு முடிந்து வந்த என்னை அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"டேய், இந்தக் கூத்தப் பாரு! நெட்டு வரும்னு பாத்தா தண்ணி வருது!"

குழாய் வாயிலிருந்து தெளிந்த தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தெருப் பெண்கள் குடத்தோடு வரிசை கட்டி நின்றார்கள். துணி துவைத்தார்கள், பாத்திரம் தேய்த்தார்கள். யாரோ அதற்கு இன்டர்நெட் குழாய் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, ஏரி நடுவே இருக்கிற அந்த இன்னொரு வாயை இனிமேல் யாரும் போய் மூட முடியாது என்பது உறைத்தது. நான் பயந்துபோனேன்.

கார்த்திகை பிறந்ததும் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக ஓடத் தொடங்கியது. ஏரி நிரம்பினால் கரைமேல் இருக்கிற அம்மனுக்குப் பொங்கல் வைப்பது எங்கள் வழக்கம். பொங்கல் வைத்துவிட்டால், தண்ணீர் வடிகிறவரை கரையில் மண்வெட்டி படக்கூடாது. நிறைந்த ஏரியின் கரையை எவனும் கொத்தித் தொலைக்கக்கூடாது என்று யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடாகத்தான் இருக்கும். பல வருஷத்துக்கப்புறம் நிரம்பிய ஏரி என்பதால் மேளதாளத்தோடு பொங்கல் வைத்தார்கள்.

மறுநாள் குழாய்த் தண்ணீர் செம்மண் கலங்கி வந்தது. டீ வருது, டீ வருது என்று பிள்ளைகள் குதித்தார்கள். நான் தலைவர் வீட்டுக்கு ஓடினேன்.

"கரையிலருந்து மண்ணு கரைஞ்சி வருது தலைவரே. குழா போன எடத்தக் கொத்திப் பாத்து, களிமண்ணு போட்டு இறுக்கணும்."

"பொங்கல் வெச்சாச்சேப்பா. இப்பப் போயி கரையில கைய வெச்சா ஊரு சும்மா வுடுமா?" என்றார். தண்ணீருக்கும் அவர் பயந்தார், ஆனால் அம்மனுக்கு அதைவிட அதிகமாகப் பயந்தார். கடைசியில் ஊர் கூடி ஒரு வழி கண்டுபிடித்தது. குழாய் கரை அல்ல, அதை அடைத்தால் குற்றமில்லை. ஒரு கட்டையைச் செதுக்கி, துணியைச் சுற்றி, சம்மட்டியால் அடித்து இறக்கினார்கள். தண்ணீர் நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அவர்களைப் பளாரென்று அறைய வேண்டும்போல் இருந்தது.

அடைத்த தண்ணீர் எங்கே போகும்? குழாய்க்குள் வழி இல்லையென்றதும், குழாயின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, இறுகாத அந்த மண்ணுக்குள் வழி பண்ணிக்கொண்டது. முதலில் அக்கா வீட்டுச் சமையலறைத் தரை வியர்த்தது. பிறகு சுவரில் ஈரம் ஏறியது. எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறின. ஒரு நாள் மத்தியானம் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். குழாயைச் சுற்றி மண் சோற்றுக் கஞ்சி மாதிரி கொப்புளித்துக்கொண்டிருந்தது.

"கெளம்புக்கா."

"வூட்ட வுட்டுட்டு எங்கடா போறது? அவரு கண்ணால கூடப் பாக்கலடா இன்னும்."

"நீ இருந்தாத்தான அவருக்குக் காட்டுவ!" என்று கத்தினேன். அக்காவிடம் அதுவரை நான் அப்படிக் கத்தியதில்லை. கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். தெருவில் மற்ற வீட்டுக்காரர்களையும் கெஞ்சியும் திட்டியும் கிளப்பினோம்.

அடுத்த நாள் காலை, மழை சற்று விட்டிருந்த நேரத்தில் கரை போயிற்று. பள்ளிக்கூட மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஜேசிபி அறுத்த அந்த இடம் மட்டும் உள்வாங்கியது. அதன் வழியே தண்ணீர் நிதானமாக நுழைந்தது, பிறகு நிதானம் போய்விட்டது. அக்கா வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றதைப் பார்த்தேன். அடுத்த முறை பார்த்தபோது அங்கே ஏரிதான் இருந்தது. அக்கா அழவில்லை. யாரையும் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்களைச் சுங்குவார்சத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்தார்கள். எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்று மட்டும் மாமாவுக்கு மெசேஜ் போட்டேன். மேற்கொண்டு எழுதக் கை வரவில்லை. ஒரு மத்தியானம் அவரே என் செல்லுக்கு வீடியோவில் கூப்பிட்டார். எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். டவர் மண்டபத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததால் படம் பளிச்சென்று வந்தது.

"இன்னா, இவ்ளோ கிளியரா தெரியற! ஊருக்கு நெட்டு வந்துட்ச்சா?" என்றார் மாமா. சந்தோஷத்தில் அவருக்குக் குரல் உயர்ந்தது. "சரி சரி, மொதல்ல வூட்டக் காட்டு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொல்லட்டுமா என்று கையை நீட்டினேன். அவள் செல்லைத் தரவில்லை.

"வூடு இல்ல" என்றாள். "ஏரி எடுத்துகினு பூட்ச்சி."

சிக்னல் அருமையாக இருந்தது. படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய் முடிகிறவரை நாங்கள் இரண்டு பேரும் முழுதாகப் பார்த்தோம்.