கையெழுத்துப் போடாமல் இறங்கி வந்த நாள்

பெருமாளின் அன்பர்களே, எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. காக்களூர் தொழிற்பேட்டையில் பதினோரு வருஷம் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டியவன் நான். எனக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

போன தை மாதம் எங்கள் கம்பெனியிலிருந்து மெஷின்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. காலையில் போய்ப் பார்த்தால் நேற்றுவரை மெஷின் நின்ற இடத்தில் நான்கு போல்ட் மட்டும் தரையில் நீட்டிக்கொண்டிருக்கும். யாரும் விளக்கம் சொல்லவில்லை. பிறகு ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மாடி அறைக்குப் போனவர்கள் கீழே வரும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. என் கூட்டாளி பாஸ்கரும் அப்படித்தான் தலை குனிந்தபடி கேட்டைத் தாண்டிப் போனான்.

என் மனைவி கோமளாவுக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க அவள் தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும். என் சம்பளத்தில் ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிப்பதால்தான் அந்த மருந்து கிடைத்துக்கொண்டிருந்தது. வேலை போனால் மாத்திரை என்னாகும்? இந்த ஒரே நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் முறை ஒரு வியாழக்கிழமை வந்தது. மேனேஜருக்குப் பின்னால் எனக்குத் தெரியாத இரண்டு பேர் கைகட்டி நின்றார்கள். மேசையில் ஒரு தாள். ‘சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்’ என்று அதில் அச்சடித்திருந்தது.

“போட்டுட்டுப் போய்க்கினே இரு. எல்லாரும் போட்டாச்சு” என்றார் மேனேஜர்.

பேனாவை எடுத்துவிட்டேன். வீரராகவா, எனக்கு ஒன்றும் புரியவில்லை, நீயே வழி காட்டு என்று உள்ளுக்குள் கதறினேன். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது, “ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு நாளைக்கு வரேன் சார்” என்பதுதான். அந்தத் தைரியம் என்னுடையது இல்லை.

மறுநாள் அமாவாசை. விடிந்ததும் கோமளாவோடு வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துக்குப் போனேன். நோய் கரைய வேண்டும் என்று நேர்ந்துகொண்டு குளத்தில் வெல்லத்தைக் கரைக்கும்போது அவள் உடைந்து அழுதுவிட்டாள். பக்கத்துப் படியில் நின்ற ஒரு பெண், “இன்னா ஆச்சுக்கா?” என்று கேட்டாள். அவள் பேர் அமுலு, ஊத்துக்கோட்டைப் பக்கம். கோமளா எல்லாவற்றையும் சொன்னாள்.

அமுலு என் பக்கம் திரும்பினாள். “அண்ணா, அதுல மட்டும் கையெழுத்து போட்டுறாத. கம்பெனி உன்ன வெளிய அனுப்புனா, வேலை இல்லாத நாளுக்கு ஈஎஸ்ஐல பாதி சம்பளம் மூணு மாசம் வரும். நீயா உட்டுட்டுப் போனேன்னா ஒண்ணும் கெடையாது. நான் தெரியாம போட்டுக் குடுத்துட்டுத்தான் இங்க வந்து நிக்கிறேன்.”

அத்தனை கூட்டத்தில் அவளை எங்கள் படியில் கொண்டுவந்து நிறுத்தியது யார்?

நேராகக் கம்பெனிக்குப் போய், “நானா வேலைய உடல சார். நீங்க நிறுத்துறதா இருந்தா எழுதிக் குடுங்க” என்றேன்.

மேனேஜர் சிரித்தார். “இந்த ஏரியாவுல எந்த கேட்லயும் உன்ன உள்ள உடமாட்டான்.”

அன்று மாலை எங்கள் தெருமுனையில் ஒரு பைக் நின்றது. மாடி அறையில் நின்ற இரண்டு பேரில் ஒருவன் அதில் உட்கார்ந்திருந்தான். எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும். கோமளா ஜன்னலைச் சாத்திவிட்டு நாமம் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் நெஞ்சைப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் என் உயிர் போய் வந்தது. ஒன்பதாம் நாள் வேலை நீக்கக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. அதற்குப் பிறகு பைக் வரவில்லை.

வேலை போய் முப்பது நாள் கழிந்ததும் அமுலு சொன்ன அந்த ஈஎஸ்ஐ பணத்துக்கு நெட் சென்டரில் விண்ணப்பித்தேன். ஆதார், வங்கிப் புத்தகம், வேலையில்லை என்று நானே எழுதிக் கொடுத்த உறுதிமொழி, அவ்வளவுதான். ஆயுளில் ஒருமுறைதான் இந்த உதவி என்றார்கள். பதில் வராத நாட்களில் பெருமாளிடம் கோபப்பட்டும் இருக்கிறேன். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? ஒருநாள் போனில் செய்தி வந்தது: கணக்கில் உதவித்தொகை ஏறியிருந்தது. ஏற்கெனவே பிடித்த பணத்துக்கு ஈஎஸ்ஐ மருந்தும் வந்துகொண்டிருந்ததால், கோமளாவின் மாத்திரை ஒருநாள்கூட நிற்கவில்லை.

அன்றே கையெழுத்துப் போட்டுவிட்ட பாஸ்கருக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை. “என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணா” என்றான். எனக்கே அப்போது தெரியாது என்று சொன்னேன். ஆனாலும் அவன் முகம் என்னை விடவில்லை.

இப்போது கும்மிடிப்பூண்டியில் எனக்கு வேலை. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அன்று வேலை போனவர்கள் யார் கூப்பிட்டாலும் போய் அவர்கள் கடிதத்தைப் படித்துப் பார்த்து விவரம் சொல்கிறேன். முன்பெல்லாம் என் வீடு, என் மெஷின் என்று இருந்தவன் நான்.

அன்பர்களே, உங்களில் யாருடைய கம்பெனியிலாவது இப்போது மாடிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். பயம் வரும், எனக்கும் வந்தது. அந்த மேசை முன் நிற்கும்போது பெருமாள் பெயரைச் சொல்லிவிட்டு ஒரே ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். அந்த ஒரு நாளுக்குள் உங்களிடம் யாரை அனுப்புவது என்று அவனுக்குத் தெரியும்.